வெர்னா வைத்துக்கொண்ட நம்பர்

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் வடக்கே, எங்கள் கோதுமைக்காட்டுப் பக்கம், பூட்டு என்றால் வெர்னாதான். முப்பத்தோரு வருடமாக என் மனைவி. அவளுக்கு முழங்கால் போனதிலிருந்து வண்டி ஓட்டுவதும் கருவிப் பையைத் தூக்குவதும் நான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

வீட்டுக்குத் துப்பாக்கிப் பெட்டகம் விற்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வெளியே பளபளவென்று பெயிண்ட், உள்ளே வெறும் தகரம். பட்டன் பூட்டுகளோ, மான் வேட்டை சீசன் தொடங்கும் காலையில்தான் குளிரில் பேட்டரி செத்து மக்கர் பண்ணும். அதைவிட எரிச்சல், எண் வட்டத்தைச் சுற்றித் திறக்கும் டயல் பூட்டு வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் மேல். கன்றுக்குட்டியை நரி பிடிக்க வந்தால் துப்பாக்கியைச் சட்டென்று எடுக்க வேண்டுமே என்று, நம்பரை முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசி எண்ணில் மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுவார்கள். லேசாகத் திருப்பினால் போதும், யாருக்கும் திறக்கும். அப்பன் செய்தான், மகனும் செய்கிறான்.

ஓரின் ஸ்கார் வீட்டிலும் அதே கதைதான். என்னோடு பள்ளியில் படித்தவன். ஏப்ரலில் அவன் மனைவி ஆர்டிஸ் இறந்துபோனாள். ஜூனில் பெட்டகத்தைப் பார்க்கக் கூப்பிட்டான். வெர்னா டயலைத் தொட்டுத் திருப்பினாள், கதவு திறந்துகொண்டது.

“இதுக்கு எதுக்குப்பா பூட்டு? ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கலாம்ல.”

ஓரின் சிரிக்கவில்லை. “நம்பரை மாத்திடு வெர்னா. புது நம்பரை என்கிட்ட சொல்லாத.”

வெர்னா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

“உன்னை நீயே ஏதாவது பண்ணிக்குவியோன்னு பயமா இருக்கா?”

“சில நாள் இருக்கு.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“நாளைக்கு ஹால்வர் வந்து கூட்டிட்டுப் போவான்.” ஹால்வர் நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

நம்பரை மாற்றி முடித்ததும் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நல்லாக் கேட்டுக்க. உன் கொட்டகைல இருக்கற சாமானுக்கு இந்தத் தகரம் பத்து நிமிஷத்துக்கு மேல தாங்காது. பூட்டு உனக்குக் குடுக்கறது அந்தப் பத்து நிமிஷந்தான். அதுக்குள்ள எனக்கு போன் பண்ணிடணும்.”

“சரி.”

அந்தக் கோடையில் மூன்று முறை கூப்பிட்டான். ஒருமுறை முக்கால் மணி நேரம் ஆலங்கட்டி மழையைப் பற்றியே பேசினார்கள். வெர்னா பைக்குள் கைவிட்டு வண்டிச் சாவியைத் தேடியபடியே பேசினாள். நாங்கள் போய்ச் சேரும்வரை போனை வைக்கவே இல்லை.

அக்டோபரில், சீசனுக்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் பூட்டுக் கடைக்கு அவனே வந்தான்.

“எல்லாரும் கிளம்பறாங்க. நம்பரைச் சொல்லேன்.”

மான் வேட்டைக்குப் போகாத ஆம்பிளையை எங்கள் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

“ராத்திரில தூக்கம் வருதா?” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். “இன்னும் இல்ல.”

“அப்ப இந்த வருஷம் வேணாம்.”

சண்டைக்கு வருவான் என்றுதான் நினைத்தேன். அவன் அப்பாவின் துப்பாக்கிகள், அவன் வீட்டுப் பெட்டகம்.

“சரி,” என்றான். “அடுத்த வருஷம் கேக்கறேன்.”

அவன் வண்டி கிளம்பும்வரை வெர்னா கையிலிருந்த பூட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள்.

“அடுத்த வருஷம்னு சொன்னான், கேட்டியா?”