எட்டு ஊமைக் கார்களும் ஒன்றரை ஏக்கரும்

சாயம் போன பனியனை விற்பதற்கும் ஓடிக் களைத்த மின்சாரக் காரை விற்பதற்கும் ஒரே வித்தியாசம்தான்: பனியனை மெஷின் துடைக்கவாவது வாங்கிக் கொள்வார்கள்.

நான் திருப்பூர் ராயபுரத்தில் செகண்ட்ஸ் வியாபாரி. எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கழித்துப் போடும் பனியன்களை லாட்டாக வாங்கிவந்து, தரம் பிரித்து விற்பது தொழில். அந்தத் தொழில் படுத்துக் கிடந்த நேரத்தில்தான், பெங்களூரில் ஒரு வாடகைக் கார் கம்பெனியை மூடப் போகிறார்கள், ஏர்போர்ட்டுக்கு ஓடிய மின்சாரக் கார்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று காதில் விழுந்தது. வாங்கி வந்து துடைத்து நிறுத்தினால் நல்ல லாபம் என்று மனக்கணக்குப் போட்டேன். முதலுக்குத்தான் வழியில்லை.

என் மனைவி சாந்தாமணிக்கு அவள் அப்பா எழுதி வைத்த ஒன்றரை ஏக்கர் குண்டடம் பக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கம் விளைகிற நிலத்தைக் காடு என்போம். அந்தக் காட்டைச் சோலார் கம்பெனிக்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். அதை விற்றுத்தான் கார் வாங்கினேன். ஒட்டினாற்போல் இருந்த இன்னொரு காடும் விலைக்கு வந்திருந்தது. கார்களை விற்று, தை பிறப்பதற்குள் அதை அவள் பேருக்கே வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தக் காட்டுக்காரரும் தை வரை பொறுப்பதாகச் சொன்னார். எதையாவது மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டு முழிக்கிற சக வியாபாரிகளே, மேற்கொண்டு நீங்கள் படித்தால் போதும். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கட்டுப் பிரிக்காத லாட்

பெங்களூர் யார்டில் இருந்த ஆள் நியாயமானவர்தான். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துப் பொறுக்கினால் ஒரு விலை, பார்க்காமல் எட்டையும் எடுத்தால் ஒரு விலை என்றார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பொறுக்கியிருப்பான். நான் திருப்பூர்க்காரன். கட்டைப் பிரித்துப் பார்த்து செகண்ட்ஸ் வாங்குகிறவனை எங்கள் மார்க்கெட்டில் வியாபாரி என்றே சொல்ல மாட்டார்கள். லாட்டில் நாலு பீஸ் ஓட்டையாக இருந்தாலும் மிச்சம் தூக்கிக் கொடுத்துவிடும். காரும் அப்படித்தான் என்று எட்டையும் எடுத்துவிட்டேன்.

குடோனில் என்னோடு பீஸ் பிரிக்கிறவர் முருகேசன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வரிசையாக நின்ற கார்களைக் காட்டி, எது பர்ஸ்ட், எது செகண்ட் என்று பார்த்து நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, பனியன்னா தண்ணியில முக்கிப் பாத்து சாயம் போவுதா இல்லையான்னு சொல்லிருவேன். இத எதுல முக்க?"

ஊமை

முதலில் வந்தவர் காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, பழைய டீசல் காரிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். பானெட்டைத் திறக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். "பண்ணுங்க" என்றார் மறுபடியும். "பண்ணியாச்சுங்க" என்றேன். "அட, இல்லீங்க" என்றார். நான் காரை நாலடி முன்னால் நகர்த்திக் காட்ட வேண்டியதாயிற்று. மனுஷர் பதறிப்போய் விலகினார்.

ஓட்டியும் பார்த்தார். குறையொன்றும் சொல்லவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன், நிதானமாகக் குடித்தார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி, "வண்டின்னா செத்த நேரம் ஓடவிட்டுச் சத்தங் கேட்டாத்தானுங்க சீக்கு இருக்குதா இல்லையான்னு தெரியும். இது ஊமையா நின்னா, எங்கீங்க வலிக்குதுன்னு யாரக் கேக்கறது?" என்றார்.

நம்பர்

கிலோமீட்டரை மறைக்க முடியாது. சாவியைத் திருகினால் போதும், திரையில் பளிச்சென்று வந்து நிற்கும். ராத்திரி பகலாக ஏர்போர்ட்டுக்கு ஓடிய வண்டிகள், எல்லாமே லட்சங்களில்தான் இருந்தன. பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்யும் ஒரு தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டான்: "அண்ணா, இது கிலோமீட்டருங்களா, போன் நம்பருங்களா?"

பெண் பார்க்கப் போன கார்

பெருமாநல்லூர் ரோட்டில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் ஒருவர், மகனுக்குப் பெருந்துறையில் பெண் பார்க்கப் போவதாகவும், அன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார். எட்டில் இருப்பதில் நல்லதாகத் தெரிந்ததைக் கழுவித் துடைத்து, நானே ஓட்டிக்கொண்டு போனேன். பூ, பழம், மாப்பிள்ளை, அப்பா, அம்மா. சார்ஜ் பாதிக்கு மேல் காட்டியது. அது பெருந்துறை போய் வரத் தாராளம்.

ஊத்துக்குளி தாண்டியதும் அந்தப் பாதி, கால் ஆயிற்று. கால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரைக்கால் ஆயிற்று. ஏசியை நிறுத்தினேன். அப்புறம் வண்டி மெதுவாக ஊர ஆரம்பித்து, திரையில் மஞ்சளாக ஓர் ஆமைப் படம் வந்தது. வேகம் குறைத்துவிட்டேன் என்று கார் சொல்கிற பாஷை அது. செய்தவன் எந்த நாட்டுக்காரனோ! நல்ல காரியத்துக்குப் போகும்போது ஆமை கண்ணில் பட்டால் நம் ஊரில் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆமையும் நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு அப்பாவும் மகனும் இறங்கித் தள்ளினார்கள். எனக்கு ரோட்டிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வேறு வண்டி பிடித்து அவர்களை ஏற்றிவிட்டபோது, அம்மா பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி நின்னதுகூடப் பரவால்லீங்க. பொண்ணு பாக்கப் போறப்ப எதுக்குங்க ஆமையக் காட்டுனீங்க?"

ஏசி

அக்கினி வெயில் சமயம். நிட்டிங் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் பையன்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நாலு பேரும் சேர்ந்து வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர்கள் டயரைப் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. பின் சீட்டில் படுத்துப் பார்த்தார்கள். முன் சீட்டைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்கள். தகர ஷீட் போட்ட அறையில் இருக்கிறவர்கள். நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவர்களில் தமிழ் தெரிந்தவன் என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டான்: "அண்ணா, வண்டி ஓட வேணாம். இங்கேயே நிக்கட்டும். நைட் மட்டும் வாடகை. ஏசி எவ்வளவு நேரம் வரும்?"

திரும்பி வந்த சாவி

ஒரே ஒரு கார் விற்றது. பக்கத்துத் தெரு பல் டாக்டர், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் போய்வர வாங்கினார். அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே சாந்தாமணி, "ஒண்ணாச்சும் போச்சுங்களா?" என்று கேட்பாள். அன்றைக்குத்தான் ஆமாம் என்று சொன்னேன். அவள் அப்போதே குண்டடத்துக்குப் போன் போட்டு, "அந்தக் காட்ட வேற யாருக்கும் பேசீறாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் டாக்டரின் கார் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. வாடகைக்கு ஓடிய வண்டி என்பதால் கம்பெனி வாரண்டியும் எனக்கு வராது என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மார்க்கெட்டில் எனக்கு மிச்சமிருந்தது என் பேர் ஒன்றுதான். காரை இழுத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். புதுப் பேட்டரியின் விலையைக் கம்ப்யூட்டரில் பார்த்த பெண், என் முகத்தையும் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "சார், பேட்டரி வாங்கினா கார் இனாம்ங்கற மாதிரி வரும் சார்."

எடைக்கு

எந்த லாட்டுக்கும் கடைசி வழி எடை. துணி எதற்கும் ஆகாது என்றால் வேஸ்ட்காரரைக் கூப்பிட்டுத் தராசில் போட்டுவிடுவோம். நட்டம்தான், ஆனால் குடோன் காலியாகும், ராத்திரி தூக்கம் வரும். மார்கழி பிறந்ததும் பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிட்டேன்.

அவர் எட்டையும் சுற்றிப் பார்த்தார். கதவு எடுப்பேன், டயர் எடுப்பேன், சீட் எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் பேட்டரியைச் சொன்னதும் இரண்டடி பின்னால் போனார். நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "பத்தீருச்சுன்னா என்ற குடோனே போயிருமுங்க. பேட்டரிய நீங்களே கழட்டி ஊட்ல வெச்சுக்குங்க, மத்ததக் குடுங்க" என்றார்.

நம்ம காட்டுக் கரண்டு

தைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. போனில் சொல்வது மரியாதையில்லை, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றாள் சாந்தாமணி. இருப்பதில் ஓடுகிற காரை எடுத்துக்கொண்டு இருவரும் குண்டடம் போனோம். பக்கத்துக் காட்டுக்காரர் மோர் கொடுத்தார். எங்களால் வாங்க முடியாது என்று நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்ததும், அவருக்குப் பெருமூச்சு வந்தது. அது நிம்மதிப் பெருமூச்சு. சோலார்காரர்கள் இந்தக் காட்டையும் கேட்டு நடையாய் நடக்கிறார்களாம். எங்களுக்காகத்தான் பேசாமல் இருந்தாராம்.

திரும்பும்போது சாந்தாமணி நிறுத்தச் சொன்னாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒன்றரை ஏக்கர் தெரிந்தது. முழுக்கக் கறுப்புப் பலகைகள், ஒரே பக்கமாகச் சாய்ந்து வெயில் காய்ந்தன. எங்கே கிணறு, எங்கே வேப்பமரம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வண்டிக்குள் வந்து உட்கார்ந்து, திரையில் சார்ஜ் எவ்வளவு என்று பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம காட்டுல எடுக்கற கரண்டுதான் இந்தக் காருக்கு ஏறுதுங்களா?" என்று கேட்டாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "ஆமா சாந்தா, அதேதான், எல்லாம் நம்ம கரண்டுதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பன் அதுல சோளம் போட்டாருங்க. மழை இல்லாத வருசங்கூட ஒரு மூட்டையாச்சும் ஊடு வந்து சேந்துது. இது சேருமுங்களா?"

பல்லடம் வரைக்கும் சேர்ந்தது. அங்கிருந்து நாங்கள் ஏறி வந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், இந்த வியாபாரத்தில் எங்கள் வீட்டுக்கு மிஞ்சிய லாபம் சாந்தாமணியின் பஸ் சார்ஜ் மட்டும்தான்.