அந்தப் பணத்தில் கை வைக்க மாட்டேன்

என் மனைவி மாலி தாய்லாந்துக்காரி. அவளோடு பாங்காக்கில் வாழும் எனக்கு விசாவை நீட்டிக்க, அந்த ஊர் வங்கியில் என் பெயரில் பெரிய தொகை ஒன்று இரண்டு மாதம் குறையாமல் இருக்க வேண்டும். இருவரும் வேலை செய்து அதைச் சேர்த்திருந்தோம்.

அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில்தான் இந்தியா வந்திருந்த நாங்கள் திருப்பதி தரிசனம் முடித்து, சித்தூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவர் கட்டும் புது வீட்டுக்குத் தளம் போடப் பணம் போதவில்லை.

"பேங்க்குல சும்மா தூங்கிக்கினு கீற துட்டுதானே நைனா? பத்து நாள்ல குடுத்துடறேன்" என்றார்.

மறுக்கக் கூச்சப்பட்டு, பணம் அனுப்ப செல்போனை எடுத்துவிட்டேன். மாலி சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஒரு நாள் குறைஞ்சா விசா இல்ல" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

செல்போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கினு சொந்தத்த வுட்டுடுவியா?" என்று பெரியப்பா கத்தினார்.

"அவகூட இருக்கறதுக்குத்தான் பெரிப்பா அந்தத் துட்டே. தரமாட்டேன்" என்றேன்.

விசா கிடைத்தது. பெரியப்பா இன்னும் பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும். இப்போதெல்லாம் யார் கேட்டாலும், மாலி தடுக்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. முடியாது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.