அரைஞாண் கயிறு காட்டிய இடுப்பு

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் படைப்போம். அதில் பெரும்பங்கு எனக்குத்தான். பெருமாள் எனக்காகவே விட்டுவைக்கிறார் என்று மனதார நம்பிவந்தேன். இரத்தப் பரிசோதனையில் எனக்கும் என் மனைவிக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பொங்கல்தான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தில்லை நகர் கிளினிக்குக்குப் போனோம். எனக்குக் கைகால் குச்சி போல இருக்கும். அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். நர்ஸம்மா எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, நான் சரியான எடை, அவள் கூடுதல் எடை என்றார்.

“பார்த்தியா? இனிமே உன் பங்குப் பொங்கலும் எனக்குத்தான்” என்றேன்.

“பெருமாளுக்காவது கொஞ்சம் மிச்சம் வைங்க” என்றாள்.

நர்ஸம்மா டேப்பை எடுத்தார். “எடை மட்டும் பத்தாதுங்க ஐயா. கொழுப்பு எங்க சேர்ந்திருக்குன்னு அது சொல்லாது. இடுப்புச் சுத்தளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்.”

மனைவியின் அளவு பாதியை ஒட்டி, அதற்குள்ளேயே நின்றது. என் முறை வந்ததும் சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றைக் காட்டினேன். “கயிறு கிடக்கிற இடந்தாங்க இடுப்பு. இங்க அளங்க.”

“அது தொப்பைக்குக் கீழ வழுக்கிப் போய்க் கிடக்குதுங்க. தொப்புள்கிட்ட அளக்கணும்.”

மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கினேன். வேட்டி நழுவியது. “ரங்கா!” என்று கத்தி அதைப் பிடித்தேன். மூச்சு போய்விட்டது, வயிறு வந்துவிட்டது. அளவு பாதியை நன்றாகவே தாண்டியது.

“வயித்துக் கொழுப்புதான் சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் ஆபத்து. அம்மாவை விட நீங்கதான் முதல்ல இனிப்பைக் குறைக்கணும்” என்றார் அளவுகளைப் பார்த்த டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை வாழையிலைத் துண்டில் ஒரு ஸ்பூன் பொங்கல் வந்தது.

“பிரசாதத்தைக் குறைக்கலாமா? அபசாரம் இல்லையா?”

“விரல் நுனியில வாங்கினாலும் பிரசாதம்தாங்க. மிச்சம் எதிர்வீட்டுக்கு.”

அவள் சொன்னது சரிதான். கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டேன். ஆனாலும் சுவர்ப் படத்தில் பள்ளிகொண்டிருந்த பெருமாளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. “எந்நேரமும் படுத்தே இருக்காரு. அவரை யாராச்சும் அளந்தாங்களா?”

“உலகத்தையே அளந்தவருங்க அவரு. அவரை எந்த டேப்பு அளக்கும்? எழுந்திரிங்க, நடந்துட்டு வருவோம்.”

உத்தர வீதியில் அவள் விறுவிறுவென்று முன்னே போனாள். நான் கோபுரத்தைக் கும்பிடும் சாக்கில் நின்று நின்று போனேன்.