படத்துக்காகத் தலை வாரிய நாள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம் அது. கல்வராயன் மலையில் ஒரு சங்கம் நடத்திய பிள்ளைகள் விடுதியில் நான் சமையல் வேலை பார்த்தேன். பத்தாவது வரைதான் படிப்பு. வெளியாள் வந்தால் அடுப்படியை விட்டு வரமாட்டேன்.

விடுதி பிடியரிசியில் நடந்தது. மலைக்குக் கீழே நைனார்பாளையம் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் எங்களுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவார்கள். நிலம் உள்ளவர்களும் போட்டார்கள், கூலிக்குப் போகிறவர்களும் போட்டார்கள். மறியலில் அதை ஏற்றிவர வழியில்லாமல் போயிற்று. அரசாங்க மானியம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விடுதியை மூட வேண்டியதுதான் என்றார் சங்கச் செயலாளர்.

மறியலைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் கள்ளக்குறிச்சியில் தங்கியிருந்தார். பேப்பரில் வந்தால் அதிகாரிகள் கண்ணில் படும் என்று செயலாளர் அவரைக் கெஞ்சி, மோட்டார் சைக்கிளில் மரங்களைச் சுற்றிச் சுற்றி மலைக்கு அழைத்து வந்தார்.

மலையில் அப்போது போட்டோ என்றால் கல்யாணத்துக்குத்தான். தாய்மார்கள் காலையிலேயே வந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் வழியத் தலை வாரி, திருவிழாச் சட்டையைப் போட்டு, பூ வைத்து நிறுத்தியிருந்தார்கள். நானும் சேர்ந்து ஜடை பின்னினேன்.

பத்திரிகைக்காரருக்கு முகம் சுருங்கியது. இதைப் போட்டால் ஒருத்தரும் உதவமாட்டார்கள், பழைய துணியை மாட்டி, காலித் தட்டைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அது. செயலாளர் தயங்கினார். ஒரு தாய், மகளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எடுத்தா இப்பிடியே எடுங்க, இல்லாகாட்டி வேணாங்க. சோறுதான் கம்மி. எம்புள்ள பிச்சக்காரி இல்ல."

அப்படியே எடுத்தார். அப்படியே பேப்பரில் வந்தது.

மறியல் ஓய்ந்ததும், பிடியரிசி மறுபடி மலையேறுவதற்கு முன்பே, அதிகாரி ஒருவர் அந்தப் பேப்பரோடு ஜீப்பில் வந்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"புள்ளைங்கள இவ்ளோ நல்லா வச்சிக்கினு இருக்கீங்க. அப்புறம் மானியம் இன்னாத்துக்கு?"

செயலாளர் கணக்கு நோட்டைப் புரட்டினார். நான் டீ கொண்டுபோயிருந்தேன். டம்ளரை அவர் முன்னால் வைத்தேன்.

"இப்பிடியே வச்சிக்கத்தாங்க கேக்கறோம்."

சொன்னது நான்தான். அதிகாரி திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அடுப்படிக்குள் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். காலி. மதியம் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தவர், சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். போகும்போது, எழுதி அனுப்புகிறேன் என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

மானியம் வந்தது. அதுவரை விடுதி ஒரு நாள்கூட மூடவில்லை. அதிகாரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டது, அரிசி இல்லாத நாளெல்லாம் அந்தத் தாய்மார்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த சாமை.