மாப்பிள்ளை விருந்தும் இரண்டு மணி ஆட்டமும்

கல்யாணம் முடிந்து மூன்று கிழமைகூட ஆகாத ஒருத்தியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கம்பஸ் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆளும் நான்தான். உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் நன்றாகத் தெரிந்த இடம் பின்மதில். அதைத் தாண்டித்தான் கடற்கரையில் கரைவலை இழுக்க ஓடுவாராம். அதனால் வீட்டுக்கு வரும் கடிதம், மின்சாரப் பில், மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்பவள் நான். பல வருடமாக எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தால் நமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

நான் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "சனிக்கிழமை காலையில லெப்டொப்போட எங்கட வீட்ட வா. சாப்பாடு இஞ்சதான்."

அனுப்பியது எங்கள் அணியின் தலைவிக்கு. கல்முனையில் ஒரு மருந்துக்கடையில், எங்கள் பேச்சில் பாமசியில், வேலை செய்தவள் என்பதால் எங்களுக்கு அவள் பாமசி. அணியில் ஐந்து பேர்: பாமசி, சாய்ந்தமருதில் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர், டீச்சரின் தங்கை, காரைதீவிலிருந்து வரும் ஒருத்தி, நான். பாழடைந்த ஒரு நகரத்துக்குள் ஐந்து பேர் ஐந்து பேரைத் தேடித் தேடிச் சுடுகிற ஆட்டம் எங்களுடையது. கொழும்பில் யாரோ வருடா வருடம் பெண்களுக்கென்று இணையத்தில் ஒரு போட்டி நடத்துகிறார்கள். அதில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போனோம். வீட்டிலிருந்தபடியே வீட்டுக்குப் போவது தனி அவமானம்.

இந்த முறை சனிக்கிழமை இரண்டு மணிக்கு முதல் ஆட்டம். பத்து நாளில் பாமசி தன் புருசனோடு டோஹாவுக்குப் போகிறாள். போகுமுன் என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, சேலையும் வேண்டாம் மோதிரமும் வேண்டாம், ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்து ஒரு ஆட்டம் வெல்ல வேண்டும் என்றாள். அதுவரை ஐந்து வீட்டிலிருந்து விளையாடித்தான் தோற்றுக்கொண்டிருந்தோம். சனியும் ஞாயிறும் என் வீட்டில் கூடுவோம் என்று சொன்னவள் நான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். என் அறையில் இணையம் ஒழுங்காக எடுக்காது. ஆகவே வீட்டின் நடு ஹோலில்தான் கடை பரப்பினோம். மேசை இரண்டு, தையல் மெசின் மேசை ஒன்று, வாப்பாவின் மீன்பெட்டி மேல் பலகை ஒன்று. தரை முழுக்க வயர். உம்மா அதையெல்லாம் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டு, "சுடுறத்துக்கு இவ்வளவு வயரா? கையால அடிச்சா முடிஞ்சிரும்" என்றார்.

பாமசி தன் சார்ஜரைப் பிளக்கில் செருகியபடி, போகிற போக்கில் சொன்னாள்: "அவரு லுஹர் தொழுதிட்டு நேர இஞ்ச வருவாராம்."

"என்னத்துக்குடி? பின்னேரம் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"நீதானே சாப்பாட்டுக்குச் சொன்னாய்?"

"உனக்குத்தான் சொன்னன்."

"எனக்குச் சொன்னா அவருக்கும்தானே? எங்கட உம்மா உன்ட மெசேஜப் பார்த்திட்டு அவருக்கிட்டச் சொன்னா. அவரு கூட்டாளிமார்ட்டச் சொல்லியிருக்காரு."

"எத்தின பேர்?"

"அவரோட அஞ்சு."

காரைதீவுக்காரி ஹெட்செட்டைக் கழற்றினாள். "அவங்களும் ஒரு டீமாடி?"

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருகிறார். வந்த புதிதில் அவரைக் கண்ணாடிச் சாமான் போலத்தான் வைத்திருப்பார்கள். குடித்த கோப்பையைக் கழுவக்கூட விடமாட்டார்கள். பெண்ணுக்கு வேண்டியவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சோடியை விருந்துக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மாப்பிள்ளை கூட்டாளிகளோடு வருவார். 'சாப்பாடு இஞ்சதான்' என்ற இரண்டு சொல்லை நான் எழுதிய நிமிடத்தில், எங்கள் வீடு ஊரறிய ஒரு மாப்பிள்ளை விருந்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. வீட்டுக்காரிக்கு மட்டும் அது தெரியாது.

அந்த வீட்டுக்காரி குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி துருவிய தேங்காய்.

"மாப்பிள்ளைய விருந்துக்குச் சொல்லியிருக்காய்," என்றார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. உம்மா கத்தினால் தப்பிக்கலாம். மெதுவாகக் கதைத்தால் வழியில்லை. "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரிக்கி. பெத்தவளுக்குத் தெரியா."

"நான் அப்பிடி நினைச்சுச் சொல்லல்ல உம்மா."

"நாலு வருசம் படிச்சியே. இத ஒரு நாளும் படிச்சித் தரல்லயா?"

"அது வேற பாடம் உம்மா."

"பெயிலாகிட்டாய்."

டீச்சர் தலையைக் குனிந்து சிரித்தாள். அவள் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதன்பிறகு உம்மாவிடம் மூன்று மணித்தியாலம் இருந்தது. அந்த மூன்று மணித்தியாலத்தில் அவர் செய்ததை, நான் வேலை செய்யும் கொழும்புக் கம்பனியில் பதினெட்டுப் பேர் கூட்டம் போட்டு மூன்று கிழமையில் செய்வார்கள். வாப்பா சேட்டின் பொத்தானைப் பூட்டாமலே சந்தைக்கு விரட்டப்பட்டார். "நாட்டுக்கோழி. புறொயிலரோட வந்தா நீங்க அங்கயே நின்டுக்கங்க." பக்கத்து வீட்டிலிருந்து சஹன் வந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. விருந்தென்றால் சஹனில்தான் சோறு. காரைதீவுக்காரி புரட்டாசிச் சனி பிடிப்பவள் என்பதும் உம்மாவுக்கு நினைவிருந்தது. அவளுக்கென்று தனிச் சட்டியில் கத்தரிக்காய் வெந்தது. என்னிடம் யாரும் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கச் சொன்னார்கள்.

ஒரு மணிக்கு உம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார்.

"சரி, இதையெல்லாம் தூக்குங்க. பாய் விரிக்கணும்."

"உம்மா, ரெண்டு மணிக்கு மெட்ச்."

"மாப்பிள்ளை ஒண்டரைக்கு வாறாரு."

"பத்து நிமிசம் பிந்தினா எங்கள வெட்டிப் போடுவாங்க. வேற இடத்துல இணையம் எடுக்காது. அவங்கள முத்தத்துல வைப்பமே, மாமரத்துக்குக் கீழ?"

"மாப்பிள்ளைய மாமரத்துக்குக் கீழ வெச்சிச் சோறு குடுத்ததெண்டு என்ட காலம் முழுக்கக் கதைப்பாங்க. அவரென்ன கூலிக்குத் தேங்காய் பறிக்கவா வாறாரு?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. நான் டீச்சரைப் பார்த்தேன், டீச்சர் தங்கையைப் பார்த்தாள், தங்கை வயரைக் கழற்றக் குனிந்தாள். அப்போதுதான் பாமசி எழுந்து நின்றாள். புதுப்பெண் என்பதால் கை இரண்டிலும் மருதாணி, கழுத்தில் மூன்று சங்கிலி, காதில் ஹெட்செட்.

"மாமி, பதினாலு வீட்ட விருந்து திண்டுட்டன். பதினாலு வீட்டயும் கோழி. எல்லாரும் நல்லாக் கவனிச்சாங்க, நான் குறை சொல்லல்ல. ஆனா எல்லா வீட்டயும் அவருக்குப் பக்கத்துல பொம்ம மாதிரி இருந்திட்டுத்தான் வந்தன். இந்த ஒரு வீட்டதான் நான் கேட்டு வந்தது. ரெண்டு மணிய மட்டும் எனக்குத் தாங்க மாமி. மறுகா டோஹால ஒத்த ரூம்புல தனியத்தானே கிடக்கப் போறன்."

உம்மா அவளைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் இன்னும் மடிப்புக் கலையாத பெரிய கட்டில் விரிப்பு. அதில் வாத்து வாத்தாகப் போட்டிருந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிவரை நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டி, விரிப்பை அதில் போட்டார். ஹோல் இரண்டாகிவிட்டது.

"அங்கால சாப்பாடு. இஞ்சால உங்கட சண்ட," என்றார். "கெட்ட பேச்சு ஒண்டு அந்தப் பக்கம் கேட்டா, வயரெல்லாத்தையும் வெட்டி மீன் கோர்ப்பன்."

ஒன்றரைக்குச் சொல்லிவைத்தாற்போல் வந்தார்கள். வாத்துகளுக்கு அந்தப் பக்கம் ஸலாம், அத்தர் வாசம், வாப்பாவின் "வாங்க மகன், வாங்க, இருங்க". இந்தப் பக்கம் ஐந்து பெண்கள் மூச்சு விடாமல் திரையைப் பார்த்திருந்தோம். இரண்டு மணிக்கு சஹன் வைக்கப்பட்டது. அதே நிமிடம் ஆட்டமும் தொடங்கியது. எந்த அணி முதலில் பதின்மூன்று சுற்றை வெல்கிறதோ அதற்குத்தான் ஆட்டம்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அணியில் முதலில் சாகிறவள் நான். ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயாவது எட்டிப் பார்ப்பேன், செத்துப்போவேன். அன்றைக்கு அது வசதியாகிவிட்டது. செத்ததும் எழுந்துபோய்க் கறிக்கோப்பையை விரிப்பின் ஓரத்தில் வாப்பாவிடம் நீட்டுவேன். அடுத்த சுற்றுக்கு முன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உயிர்பெறுவேன். அப்பளம் ஒரு சாவு, பருப்பு ஒரு சாவு, தயிர் ஒரு சாவு. உம்மா குசினியிலிருந்து, "மகள், செத்திட்டியா? அப்ப தண்ணியக் குடு" என்று கேட்கும் அளவுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

பாமசி வேறு மாதிரி. சாதாரணமாகக் கதைக்கும்போது அவள் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. விளையாட உட்கார்ந்தால் படகுக்காரன் குரல். "டீச்சர், கதவ விடாதே! சின்னவள், கிணத்தடிக்குப் போ! போடீ எண்டா போ!" முதல் ஐந்து சுற்று அந்தப் பக்கத்தில் பேச்சே இல்லை. புருசன்காரர் மூன்று கிழமையாக ஒரு ஊமைப் பெண்ணோடு குடித்தனம் நடத்திவிட்டு, இன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்கிறார் போலிருக்கிறது.

பத்துக்குப் பத்து வந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் வந்தது. கடைசிச் சுற்று. நான் வழக்கம்போல் செத்தேன், தண்ணி கொடுக்கக்கூட எழும்பவில்லை. டீச்சர் செத்தாள், தங்கை செத்தாள், காரைதீவுக்காரி ஒருத்தியைக் கொன்றுவிட்டுச் செத்தாள். பாமசி தனியே, எதிரில் இரண்டு பேர். எதிரிகளின் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் இந்த ஆட்டத்தில் தப்ப முடியும்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளையின் குரல்: "என்ன நடக்குது? நீங்கதான் வெல்றீங்களா?"

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டுத் திண்ணுங்க!" என்றாள் பாமசி.

வீடே நின்றுவிட்டது. கல்யாணமாகி மூன்று கிழமை. அவருடைய கூட்டாளிகள் நால்வர் முன்னால். என் வாப்பா முன்னால். உம்மா குசினி வாசலில் சிலையாக நின்றார். பாமசிக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. அவள் கண் திரையில் இருந்தது, துணித் திரையில் இல்லை.

அந்தப் பக்கம் ஒரு கூட்டாளி கனைத்தான். பிறகு மாப்பிள்ளை சொன்னார்: "சரி."

சரி என்றவர் உண்மையிலேயே வாயை மூடினார். அதுமட்டுமில்லை, மற்றவர்களையும் "உஸ்" என்று அடக்கினார். ஆறு ஆண்கள் சோற்றில் கை வைத்தபடி சத்தமில்லாமல் இருந்ததை நான் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அந்த அமைதியில் பாமசி இடப்பக்கம் திரும்பினாள், ஒருத்தியைச் சுட்டாள். மாடிப்படியில் காத்திருந்தாள். மற்றவள் இறங்கினாள். முடிந்தது.

நாங்கள் போட்ட கூச்சலுக்கு முன்னால் வாத்துகளுக்கு அந்தப் பக்கம் கூச்சல் எழுந்துவிட்டது. யாருக்கோ புரையேறியது. வாப்பா, எதற்கென்றே தெரியாமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மறுநாள் நடந்த அடுத்த ஆட்டத்தில் கொழும்புப் பெண்கள் ஐந்து பேர் எங்களைப் பதின்மூன்றுக்கு இரண்டு என்று துடைத்துவிட்டுப் போனார்கள். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. பாமசி கேட்டது ஒரு வெற்றி. அது அவளிடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, வென்ற கையோடு எங்களுக்கான சஹன் வந்தது. வெறும் வயிற்றில் சண்டை போட்டவர்கள் சாப்பிடும் மாதிரிச் சாப்பிட்டோம். காரைதீவுக்காரி பக்கத்திலேயே தன் தட்டை வைத்துக்கொண்டாள். பாமசிக்கு இரண்டாவது கவளத்தில்தான் நினைவு வந்தது. "யா அல்லாஹ், நான் அவருக்கு என்ன சொன்னன்?" நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகச் சொல்லிக் காட்டினோம். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கை கழுவி முடிந்ததும் விரிப்பின் ஓரம் அசைந்தது. மாப்பிள்ளை தலையை மட்டும் உள்ளே விட்டு உம்மாவிடம் கேட்டார்: "மாமி, எனக்கும் ஒரு ஆட்டம் தருவாங்களா?"

"ஏன் மகன், ஆசையா?"

"இவவ ஒருக்கா ஆட்டத்துல வெச்சிப் பார்க்கணும்."

"கேளுங்க, சுடுவா," என்றார் உம்மா.

விரிப்பைச் சுருட்டி ஓரமாக்கினோம். என் கதிரையில் அவர் உட்கார்ந்தார், எதிரில் அவர் மனைவி. பின்னால் வெள்ளைச் சேட்டில் நான்கு கூட்டாளிகள், பல் குத்தியபடி. எங்கே நடப்பது, எப்படிச் சுடுவது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு மாணவனாவது கிடைத்தான். முதல் தடவை பாமசி அவரைச் சுட்டுவிட்டு, "அய்யோ, மன்னிச்சுக்கங்க" என்றாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். நான்காவதோடு மன்னிப்பை நிறுத்திவிட்டாள். "மச்சான், சுவருக்குப் பின்னால ஒளிடா!" என்று கூட்டாளிகள் கத்தினார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றே செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் அவர்தான் பெரிதாகச் சிரித்தார்.

முதல் முறை விருந்துக்கு வரும் மாப்பிள்ளைக்குப் போகும்போது இடுப்பில் உடுக்க ஒரு புதுச் சாறன் கொடுத்தனுப்ப வேண்டும். அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உம்மா அதைத் தாளில் சுற்றி எடுத்துவந்து கதிரைக்குப் பின்னால் நின்றார். கொடுக்கக் கை நீட்டினார், அவர் செத்தார். மறுபடி நீட்டினார், மறுபடியும் செத்தார். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிற ஒரு நல்ல நேரம் வருமென்று காத்து, அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி, பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை உம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.