சந்தனப் பொட்டும் தூக்காத லோடரும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஒரு தொழிற்சாலையில் குட்டி லோடர் ஓட்டுகிறேன். பெரிய வண்டி நுழையாத இடுக்குகளில் புகுந்து, உலையில் கழியும் கசடு அள்ளும் பழைய வண்டி. பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, அடம்பிடித்து ஓட்டக் கற்று, அந்த சீட்டில் உட்கார்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நான் எப்போது சறுக்குவேன் என்று காத்திருந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

அன்று காலை எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. ஆனால் லிவரைத் தள்ளினால், கசடை வாரும் முன்பக்க பக்கெட் அசையவே இல்லை. உலைக்குப் பக்கத்தில் கசடு குவிந்துகொண்டே போனது. சூப்பர்வைசர் வேகமாக வந்தார்.

"இன்னாமா, பொம்பள கை பட்டதும் வண்டி படுத்துக்கிச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"மொதல்ல அந்த ஒயர முறுக்கி உடு. எல்லாரும் அப்டித்தான் ஓட்டிக்கினு கீறாங்க" என்றார்.

உட்கார்ந்ததும் மடிக்கு மேல் ஒரு கம்பியை இறக்க வேண்டும். அது இறங்கி, அதன் சுவிட்ச் அழுந்தினால்தான் பக்கெட் வேலை செய்யும். அந்த ஒயர்களை முறுக்கிவிட்டால், கம்பி இறங்காமலே எல்லாம் ஓடும். அப்படி முறுக்கிய ஒரு வண்டியில்தான், வேறு தொழிற்சாலையில், என் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தபோது முழங்கை லிவரில் பட்டு, பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கை அவன் வலது கை மேல் இறங்கியது. இன்றும் அவன் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

"ஒயர முறுக்கினா நான் ஏற மாட்டேன் சார்."

"அப்போ எறங்கு. பழைய டிரைவர் வந்து ஓட்டட்டும். நீ தொடப்பத்த எடுத்துக்கோ."

"டீ டைம் வரிக்கும் டைம் குடுங்க. அப்பவும் தூக்கலன்னா நானே எறங்கிடறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எஞ்சினை அணைத்து ஆயில் பார்த்தேன். சரியாக இருந்தது. எங்கும் ஒழுகவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து லிவரைத் தள்ளினேன். பக்கெட்டைத் தூக்கும் பம்ப் கெட்டிருந்தால் வண்டி முக்கும், முனகும். இது எஞ்சின் சத்தம்கூட மாறாமல் நின்றது. அப்போதுதான் உறைத்தது. நான் கம்பியை இறக்கி உட்கார்ந்திருப்பதே வண்டிக்குத் தெரியவில்லை!

எஞ்சினை அணைத்துவிட்டு, கம்பி வந்து முட்டும் சுவிட்சைக் குனிந்து பார்த்தேன். அதன் பொத்தான் அழுத்தினாலும் உள்ளே போகாமல் இறுகிக் கிடந்தது. சுற்றிலும் காய்ந்த சந்தனம். பூஜையன்று வண்டியைக் கழுவி, ஓர் இடம் விடாமல் பொட்டு வைத்தது சாட்சாத் நானேதான்! என் வண்டி என்ற பெருமையில் குழைத்துக் குழைத்து அப்பியிருக்கிறேன்.

ஈரத்துணியால் துடைத்து, சுரண்டி எடுத்தேன். பொத்தான் டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. ஏறி உட்கார்ந்து கம்பியை இறக்கி லிவரைத் தள்ளினேன். பக்கெட் எழுந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

காரணத்தை மறைத்திருக்கலாம். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "சந்தனம் வச்சதும் நான்தான் சார், சொரண்டனதும் நான்தான். ஆனா ஒயர முறுக்கல."

அவர் கசடைக் கை காட்டிவிட்டுப் போனார்.

இப்போதும் அதே வண்டிதான். பொட்டு பக்கெட்டில் மட்டும் வைக்கிறேன். என் தப்புக்கு யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். இந்தக் கம்பி என் மடியில் இறங்கும் ஒவ்வொரு முறையும், மாலையில் இரண்டு கைகளோடு வீட்டுக்குப் போவேன் என்று எனக்குத் தெரியும்.