மிசின் சத்தத்துல சொன்ன ஜெபம்

சபையில எல்லாருக்கும் தோத்திரம். நான் எந்திரிச்சதுமே சிரிக்கத் தயாரா உக்காந்திருக்கிய, தெரியுது. இன்னைக்குச் சொல்லப் போறது என் வெக்கக்கேடு. செத்த நேரம் பொறுத்துக் கேளுங்க.

எண்பத்தெட்டாம் வருசம். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல வைண்டிங்ல இருந்தேன். சின்ன உருளையில வார நூலப் பெரிய கோனுல சுத்துற வேல. நூல் அறுந்தா ஓடிப் போயி முடிச்சுப் போடணும். அந்த வருசம் ஆளக் கொறச்சுட்டு, எம் பங்குக்கு மிசினக் கூட்டிட்டாக. நான் வாயத் தொறக்கல. சொன்னா வயசாயிருச்சும்பாகளே. மில்லுல எனக்குப் பேரே சிரிப்புக்காரி. சிரிப்புக்காரி அழுதா நல்லாவா இருக்கும்?

மொதல்ல தூக்கம் போச்சு. பொறவு ருசி போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கட்டிக்குடுத்த எம்மக ஆசையாப் பால்கோவா கொண்டு வந்தா. வாயில வச்சா களிமண்ணாட்டம் இருந்துச்சு. பாவம், அவ மேலயே எரிஞ்சு விழுந்தேன். மில்லுச் சங்கு ஊதுனா செருப்ப மாட்டாம வாசப்படியிலயே உக்காந்திருவேன். ஒரு நா நூல் அறுந்து ரெண்டு நுனியும் எங் கையில இருக்கு, முடிச்சு எப்படிப் போடன்னு தெரியல. வருசக்கணக்காப் போட்ட முடிச்சு. அப்படியே நின்னேன்.

வீட்ல ஜெபம் பண்ணா வீட்டுக்காரருக்குக் கேக்கும். சபையில பண்ணா உங்களுக்குக் கேக்கும். மில்லுல மிசின் போடுற சத்தத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காது. அதான் நல்ல எடம்னு, மிசின் முன்னால நின்னு வாயத் தொறந்தே பேசுனேன். "ஆண்டவரே, என்னால முடியல. கைய மிசினுக்குள்ள விட்டாலாவது லீவு கெடைக்குமான்னு தோணுது. அதுக்கு முன்ன யாரையாவது அனுப்பும்." தெனமும் இதே. கூடவே மேஸ்திரியப் பத்தியும் ரெண்டு வார்த்த. அவரு மீசய ஆடு மேஞ்சா நல்லாருக்கும்னு.

இப்ப எம் புத்தியப் பாருங்க. அந்தச் சத்தத்துல நாங்க யாரும் காதால பேச்சுக் கேக்குறதே இல்ல. அம்புட்டும் ஒதட்டப் பாத்துத்தான். அடுத்த வரிசையில சொல்லுற மாமியா சண்டையக்கூட நான் ஒதட்டப் பாத்தே புட்டுப்புட்டு வச்சிருவேன். எம் பேச்சு மட்டும் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிருக்கேன்.

எதுத்தாப்புல நிக்கிறவ ராமலட்சுமி. வீட்ல தெலுங்கு பேசுறவ, பெருமாளக் கும்புடுறவ. ஒரு நா மிசின் நின்னதும் வந்து எங் கையப் பிடிச்சா.

"எக்கா, நாளையிலருந்து உங்க பங்குல கடைசி மிசின நான் பாத்துக்கிடுதேன்."

"எதுக்குட்டி?"

"கை பத்திரமா இருக்கணும்லா."

எனக்கு மேலெல்லாம் கூசிப் போச்சு. யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்டேன்.

"வைண்டிங்ல அம்புட்டுப் பேருக்கும். நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தோம்."

"மேஸ்திரிக்குமா?"

"மீச வரைக்கும்."

முந்தானைய முகத்துல போட்டுக்கிட்டு அழுதேன். மறுநா மேஸ்திரி வந்தாரு. எம் மூஞ்சியப் பாக்காம, "முடியலன்னா எங்கிட்டச் சொல்லணும் தாயி"ன்னு மட்டும் சொன்னாரு. ஆபீசுல பேசி மிசினக் கொறச்சாரு, லீவும் வாங்கிக் குடுத்தாரு. கொஞ்ச நா மீசயத் தடவிக்கிட்டேதான் திரிஞ்சாரு. ராமலட்சுமி என்னய ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிப் போனா. இது சோம்பேறித்தனமும் இல்ல, பைத்தியமும் இல்ல, ஒடம்பும் மனசும் ஓஞ்சு போச்சுன்னு அந்தம்மா சொன்னாக. ஓய்வெடு, மனசுல உள்ளதக் கூட இருக்கவியகிட்டச் சொல்லுன்னாக. திரும்பி வாரப்ப பஸ் ஸ்டாண்டுல ராமலட்சுமி பால்கோவா வாங்கிக் குடுத்தா. அன்னைக்கு இனிக்கல. லீவு முடியுறதுக்குள்ள இனிச்சிருச்சு.

இன்னைக்கும் நெனச்சா வெக்கமாத்தான் இருக்கு. அழுததுக்கில்ல. அம்புட்டுப் பேரு என்னயப் பாத்துக்கிட்டே நிக்கையில, எனக்கு யாருமில்லன்னு ஆண்டவர்ட்டப் பிராது சொன்னேனே, அதுக்கு.

மில்லுக்கும் கடைக்கும் ஆபீசுக்கும் போறவிய இங்க இருக்கிய. தூக்கம் வரல, சோறு எறங்கல, தொட்டதுக்கெல்லாம் கோவம் வருதுன்னா அவர்ட்டச் சொல்லுங்க. சொல்லையில கதவச் சாத்தாதிய. அவரு யாரு கையில ஒத்தாசையக் குடுத்தனுப்புவாருன்னு நமக்குத் தெரியாது. எனக்குப் பெருமாளக் கும்புடுற வீட்லருந்து அனுப்புனாரு.

எல்லாரும் ஆமென் சொல்லுங்க. வெக்கப்படுறவிய சத்தமாச் சொல்ல வேண்டாம். ஒதட்ட அசைங்க, போதும். நான் பாத்துக்கிடுவேன்.